மலைநாட்டில் மின்சார மலைச் சைக்கிள்: வாங்கும் முன் செலவையும் திறனையும் எடைபோடுவது எப்படி?

மின்சார மலைச் சைக்கிள்களின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது, ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற எண்தான். சமதரையில், நல்ல தார் வீதியில், மிதிக்கும்போது மோட்டார் குறைவாக உதவும் நிலையில் ஓட்டிப் பெற்ற அந்த எண்ணை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் மேட்டு நிலங்களில் வாழ்பவர் அப்படியே நம்பிவிடக் கூடாது. பெட்டியில் 100 கிலோமீற்றர் என்று எழுதியிருந்த சைக்கிள் முப்பது, முப்பத்தைந்திலேயே ஓய்ந்துபோனால், பெரும்பாலும் அது சைக்கிளின் பழுதாக இராது. இங்கே பற்றரியைக் கரைப்பது முதன்மையாக ஏற்றம்தான். ஆகவே எந்தச் சைக்கிள் என்று கேட்பதற்கு முன்னரே, எவ்வளவு உயரம் ஏறப்போகிறேன், அந்த வழியில் மிகச் செங்குத்தான இடம் எது, இறங்கும்போது எதை நம்பி இறங்குவேன் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிக்கொள்ள வேண்டும். விலை பற்றிய மற்ற முடிவுகள் எல்லாம் இந்த விடைகளைப் பின்தொடர்ந்தே வரும்.

முதற்படி: உங்கள் பாதையை உயரத்தால் அளவிடுங்கள்

மலையக ரயில் பாதையின் நிலையப் பெயர்ப்பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் எழுதப்பட்டிருப்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். ஹட்டன் நிலையம் ஏறத்தாழ 1,260 மீற்றரிலும் நானுஓயா ஏறத்தாழ 1,610 மீற்றரிலும் உள்ளன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 350 மீற்றர் என்றாலும், வீதி வழியே போகிறவர் நடுவில் ஏறத்தாழ 1,200 மீற்றரில் இருக்கும் தலவாக்கலைக்கு இறங்கி, இழந்த உயரத்தை மீண்டும் ஏறித்தான் ஈடுகட்ட வேண்டும். இடையிலுள்ள சிறு மேடுகளையும் சேர்த்தால் ஏற்றம் 400 மீற்றரை நன்றாகவே தாண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்க்காமல், வழியில் ஏறும் எல்லா ஏற்றங்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். கைபேசியிலுள்ள பெரும்பாலான சைக்கிள் செயலிகள் அதைக் கணக்கிட்டுத் தருகின்றன.

அடுத்தது சரிவு. மாட்டுவண்டிக் காலத்தில் வெட்டப்பட்ட பிரதான வீதிகள் வளைந்து வளைந்து நிதானமாகவே ஏறுகின்றன. தோட்டத்துக்குள் லயன்களை நோக்கிப் பிரியும் கொங்கிரீட் பாதைகளும் கொழுந்து லொறி ஏறும் குறுக்குப் பாதைகளும் அப்படியல்ல; 15 சதவீதச் சரிவு (100 மீற்றருக்கு 15 மீற்றர் உயர்வு), சில இடங்களில் 20 சதவீதம்கூட, அங்கே வழக்கமானது. கைபேசியின் சாய்வுமானியைப் பாதையோரம் வைத்துப் பார்த்தால், 8.5 பாகை காட்டும் இடம் 15 சதவீதச் சரிவு என்று கொள்ளலாம். வீட்டுக்குப் போகும் கடைசி இருநூறு மீற்றர்தான் உங்கள் வழியின் மிகக் கடினமான பகுதி என்றால், சைக்கிளைத் தெரிவு செய்ய வேண்டியது அந்த இருநூறு மீற்றருக்காகத்தான்.

இப்போது சக்தியின் கணக்கு. ஓட்டுபவர், சைக்கிள், முதுகுப்பை எல்லாம் சேர்ந்து 100 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 100 மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 27 வாற்று மணி (பற்றரியின் சக்தியை அளக்கும் அலகு) சக்தி வேண்டும். மோட்டாரில் வீணாகும் வெப்பத்தையும் டயர் உருளும் உராய்வையும் கூட்டி, உங்கள் கால்கள் தரும் பங்கைக் கழித்தால், பற்றரியிலிருந்து செலவாவது ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் 25 முதல் 35 வாற்று மணி வரை இருக்கும். அதாவது 500 வாற்று மணிப் பற்றரி ஒன்று 1,400 மீற்றரிலிருந்து 2,000 மீற்றர் வரை ஏற்றும். உதவியை உச்சத்தில் வைத்து ஓட்டுபவருக்குக் கீழெல்லையும் சிக்கனமாக மிதிப்பவருக்கு மேலெல்லையும் பொருந்தும். ஹப்புத்தளை நகரிலிருந்து லிப்டன் சீற் வரையிலான உயர வேறுபாடு ஏறத்தாழ 540 மீற்றர். அங்கே போய்வர அந்தப் பற்றரியில் மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாகவே, செலவாகும் என்று எதிர்பார்க்கலாம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கோ ஏறத்தாழ 1,370 மீற்றர் வேறுபாட்டோடு 75 கிலோமீற்றர் தூரமும் சேர்வதால், 500 வாற்று மணி மட்டுமட்டாகத்தான் காணும். நாள்தோறும் நீங்கள் ஏறப்போகும் உயரத்தைக் கணக்கிட்டு, அதற்கு வேண்டிய சக்தி புதிய பற்றரியின் 70 அல்லது 80 சதவீதத்துக்குள் அடங்கும்படி வாங்கினால், பற்றரி முதிர்ந்து கொள்ளளவு குறையும் காலத்திலும் அது கைகொடுக்கும்.

இரண்டாம் படி: மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

விலைப்பட்டியலில் பெரிதாக அச்சிடப்படும் வாற்று எண்ணை ஒதுக்கிவிட்டு, சுழற்றும் விசையான முறுக்குவிசையையும் மோட்டார் பொருத்தப்பட்ட இடத்தையும் பாருங்கள். ஐரோப்பியச் சட்டத்தின்படி 25 கிலோமீற்றர் வேகம் வரை மட்டும் உதவும் சைக்கிள்களின் மோட்டார் 250 வாற்று எனக் குறிக்கப்பட்டாலும், அது தொடர்ச்சியாகத் தரும் ஆற்றலின் மதிப்பீடு மட்டுமே. அதே மோட்டார் ஏற்றத்தில் குறுகிய நேரத்துக்கு அதன் இரு மடங்குக்கு மேலும் தரக்கூடும். எனவே 1,000 வாற்று என்று பெயர்ப்பட்டி ஒட்டிய மலிவுச் சைக்கிள் மலையில் 250 வாற்றுச் சைக்கிளிடம் தோற்பது வியப்பல்ல.

ஏன் தோற்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 100 கிலோகிராம் எடையை 15 சதவீதச் சரிவில் நகர்த்த, பின் சில்லில் ஏறத்தாழ 58 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசை வேண்டும். 20 சதவீதச் சரிவில் அது ஏறத்தாழ 75 ஆகும். சில்லின் நடுவே பொருத்தப்படும் ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 40 முதல் 60 வரை தருகின்றன. சைக்கிளின் கியரை நீங்கள் எவ்வளவு மாற்றினாலும் ஹப் மோட்டாருக்கு அதனால் பயனில்லை, ஏனெனில் அதன் விசை செயின் வழியாகப் போவதில்லை. சில்லு மெதுவாகச் சுழலச் சுழல மோட்டாரின் வினைத்திறன் விழுந்து, மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. நீண்ட ஏற்றத்தின் நடுவில் மோட்டார் தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துவிடுவதும் இதனால்தான்.

மிதியின் அச்சில் பொருத்தப்படும் மிட் டிரைவ் மோட்டார் வேறு விதமாக வேலை செய்கிறது. பொஷ் பெர்ஃபோமன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோ இபி8, யமஹா பிடபிள்யூ-எக்ஸ்3 ஆகியவற்றின் பல பதிப்புகள் 85 நியூற்றன் மீற்றர் தருபவை. முன்னால் 34 பல்லும் பின்னால் 51 பல்லும் உள்ள கியரில் அந்த 85, பின் சில்லை அடையும்போது 127 ஆகப் பெருகுகிறது. நீங்கள் சிறிய கியருக்கு மாறியதும் மோட்டாரும் தனக்கு வசதியான வேகத்தில் சுழல்கிறது, சூடாவதும் குறைகிறது. இதற்கு விலை உண்டு. மோட்டாரின் முழு இழுவையும் செயின் வழியாகவே போவதால், செயினும் பின் பற்சில்லுகளும் சாதாரண சைக்கிளை விட விரைவாகத் தேயும். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டாலும், மலைநாட்டில் ஏற்றமான தோட்டப் பாதையில் ஓட்டப்போகும் ஒருவருக்கு மிட் டிரைவ்தான் சரியான தெரிவு என்பதில் எனக்குத் தயக்கமில்லை. நுவரெலியா நகருக்குள்ளும் கிரகரி வாவியைச் சுற்றியும் மட்டும் ஓட்டுபவர் நல்ல ஹப் மோட்டாரோடு நிறைவாக இருக்கலாம்.

உணரியையும் கேட்டறியுங்கள். மலிவான சைக்கிள்களில் மிதி சுழல்கிறதா என்பதை மட்டும் அறியும் உணரி இருக்கும். கால் அசைந்த கணத்தில் மோட்டார் தன் முழு விசையையும் தள்ளிவிடும். ஈரச் செம்மண்ணில், கொண்டை ஊசி வளைவில், இது பின் சில்லை வழுக்கச் செய்யும். நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளக்கும் முறுக்குவிசை உணரி உள்ள சைக்கிளில் உதவி உங்கள் காலோடு சேர்ந்தே கூடிக் குறையும். பணத்தைச் சேமிக்கும் இடம் இதுவல்ல.

மூன்றாம் படி: பற்றரியே மெய்யான செலவு

பற்றரியின் கொள்ளளவு வோல்ற்றையும் அம்பியர் மணியையும் பெருக்கினால் கிடைக்கும். 36 வோல்ற்று, 14 அம்பியர் மணி என்றால் 504 வாற்று மணி. 48 வோல்ற்று, 13 அம்பியர் மணி என்றால் 624. ஈய அமிலப் பற்றரி உள்ள எதையும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், இந்த மலைகளில் ஓட்டுவதற்காக வாங்க வேண்டாம். அதன் எடையைச் சுமப்பதிலேயே அதன் சக்தியில் பெரும்பங்கு போய்விடும்.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். 500 வாற்று மணிப் பற்றரியை வெறுமையிலிருந்து முழுமையாகச் சார்ஜ் செய்ய ஏறத்தாழ 0.6 அலகு மின்சாரம் போகும். ஓர் அலகு 50 ரூபாய் என்று கொண்டாலும் அது 30 ரூபாய்தான். பற்றரியின் தேய்மானத்தைப் பாருங்கள்: நல்ல லிதியம் அயன் பற்றரி 500 முதல் 1,000 முழு சார்ஜ் வரை தாங்கும். மாற்றுப் பற்றரி ஒன்றின் விலை ஒன்றரை இலட்சம் ரூபாய் என்றும் அது 700 முறை உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சார்ஜுக்கும் 200 ரூபாய்க்கு மேல் பற்றரியே தேய்கிறது. மின்சாரத்தைப் போல ஏழு மடங்கு. ஆகவே கடைக்காரரிடம் சைக்கிளின் விலையைக் கேட்கும்போதே, இதே பற்றரி தனியாக என்ன விலை, நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் கிடைக்குமா, யார் தருவிப்பார் என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பெரிய நிறுவனங்களுக்கும் பொதுவகைப் பாகங்களுக்கும் இடையில் கடினமான தெரிவு வருகிறது. பொஷ் போன்ற அமைப்புகளில் பற்றரியும் மோட்டாரும் மின்னணு முறையில் ஒன்றையொன்று அறிந்தே இயங்குகின்றன. வேறு பற்றரியை அதில் மாட்ட முடியாது. ஓட்டும் தரத்தில் அவை உயர்ந்தவை. ஆனால் பழுதானால் அந்த நிறுவனத்தின் கருவிகளை வைத்திருக்கும் பணிமனையைத் தேடிப் போக வேண்டும். பாஃபாங் போன்ற மோட்டார்களில் பலவற்றுக்குப் பொதுவகைப் பற்றரிகள் பொருந்துகின்றன. மின்னணுவியல் தெரிந்த கைகளால் திருத்தவும் முடிகிறது. கொழும்பிலோ கண்டியிலோ பழுதுபார்க்கும் ஆள் இல்லாத நிறுவனத்தின் மிகச் சிறந்த சைக்கிளை விட, ஆள் இருக்கும் நிறுவனத்தின் நடுத்தரச் சைக்கிள் பதுளையில் வாழ்பவருக்கு மேலானது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

வெளிநாட்டு உறவினர் விடுமுறைக்கு வரும்போது சைக்கிளைக் கொண்டுவரட்டும் என்று திட்டமிடுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 160 வாற்று மணிக்கு மேற்பட்ட லிதியம் பற்றரியைப் பயணி விமானத்தில் பயணப் பொதியாகக் கொண்டுவர அனுமதியில்லை. சட்டகம் வந்து சேரும், பற்றரி வராது. கடல்வழிச் சரக்காக, அபாயப் பொருளுக்குரிய ஆவணங்களோடு தருவிப்பதற்கு ஆகும் செலவை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சார்ஜ் செய்யும் இடத்தையும் இப்போதே தீர்மானியுங்கள். பழைய லயன் அறைகளில் ஒரே வயரில் பல இணைப்புகள் தொங்குவது நாம் அறிந்ததே. சார்ஜரை நீட்டிப்பு வயரில் மாட்டாமல், சுவரிலுள்ள நல்ல பிளக்கில் நேராக மாட்டுங்கள். குடும்பத்தினர் உறங்கும் அறையிலும் வெளியேறும் கதவருகிலும் சார்ஜ் செய்யாதீர்கள். லிதியம் பற்றரி தீப்பற்றினால் அணைப்பது மிகக் கடினம். பருவ மழைகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் கடுமையாக இருப்பதால், வானம் இருண்டதும் சார்ஜரைக் கழற்றிவிடுவது நல்லது. பல நாட்கள் ஓட்டாமல் வைப்பதென்றால் பற்றரியை ஏறத்தாழ பாதி நிரப்பி, நிழலான உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

நான்காம் படி: பிரேக்குக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைக்காதீர்கள்

ஏறும்போது பெற்ற உயரத்தின் சக்தியில் பெரும்பகுதி இறங்கும்போது பிரேக்கில் வெப்பமாக வெளிவர வேண்டும். லிப்டன் சீற்றிலிருந்து 500 மீற்றர் இறங்கும் 100 கிலோகிராம் எடை, 136 வாற்று மணிக்குச் சமமான வெப்பத்தைத் தருகிறது. காற்றின் எதிர்ப்பு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள, எஞ்சியது இரண்டு மெல்லிய இரும்புத் தட்டுகளின் தலையில் விழுகிறது. மிட் டிரைவ் மோட்டாரால் வேகத்தைக் குறைத்துப் பற்றரியை மீள நிரப்ப முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நானுஓயாவிலிருந்து இறங்கும் ரதெல்லைக் குறுக்கு வீதியில் பிரேக் விட்டுப்போன கனரக வாகனங்களின் கதையை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. வெப்பத்தால் பிடி தளர்வது சைக்கிளுக்கும் நேரும்.

ஆகவே கம்பியால் இழுக்கும் பிரேக்கை விட்டு, எண்ணெயால் இயங்கும் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் உள்ளதை வாங்குங்கள். முன் சில்லின் பிரேக் தட்டு 203 மில்லிமீற்றர் விட்டம் உடையதாக இருப்பது நல்லது. தட்டைக் கவ்வும் பிடிப்பான் நான்கு பிஸ்டன் உள்ளதாகக் கிடைத்தால் மிக நல்லது. தென்மேற்குப் பருவ மழையில் ஹட்டன், மஸ்கெலியா பக்கமும், வடகீழ்ப் பருவ மழையில் ஊவாச் சரிவுகளும் மாதக்கணக்கில் நனைந்தே கிடப்பதால், பிசினால் செய்த பிரேக் பட்டைகளை விட உலோகத் தூள் சுட்டுச் செய்த பட்டைகள் மணலையும் சேற்றையும் நெடுநாள் தாங்கும். சில்லைக் கழற்றி, பிடிப்பானை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பின்தகட்டில் ஒட்டியிருக்கும் கருமையான பட்டை ஒரு மில்லிமீற்றருக்கு மெலிந்திருந்தால், இன்னும் ஒரு பெருமழை இறக்கத்தில் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கிவிடும். அதுவரை காத்திருக்கக் கூடாது.

எண்ணெயிலும் ஒரு வேறுபாடு உண்டு. சில பிரேக்குகளுக்கு டொட் 4 எண்ணெய் வேண்டும். அது மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். ஷிமானோ பிரேக்குகளுக்கு அவற்றுக்குரிய கனிம எண்ணெயையே ஊற்ற வேண்டும். முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளேயுள்ள றப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக்கே பயனற்றுப்போகும்.

அதிர்வுதாங்கி, டயர், சட்டகம்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். தோட்டப் பாதைக்கும் கரடுமுரடான கொங்கிரீட் பாதைக்கும் முன்னால் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள சைக்கிள் போதும். பின்னாலும் உள்ளது கற்பாறைத் தடங்களில் வேகமாக இறங்குவோருக்குத்தான் தேவை; குறைந்த விலையில் இரண்டும் தருவதாகச் சொல்லும் சைக்கிள்களில் இரண்டுமே தரக்குறைவாக இருக்கும். டயர் 2.4 முதல் 2.6 அங்குல அகலம் இருக்கட்டும். சில்லின் விட்டத்துக்குரிய டயரும் ரியூப்பும் உங்கள் ஊரில் கிடைக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய சைக்கிள்கள் 22 முதல் 25 கிலோகிராம் எடையுள்ளவை. வீட்டுக்குப் படிக்கட்டு ஏற வேண்டியவர் பற்றரி தனியாகக் கழறக்கூடியதா, தள்ளிச்செல்ல உதவும் நடை நிலை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஐந்தாம் படி: வரவுசெலவு

உலகச் சந்தையில் ஹப் மோட்டார் உள்ள தொடக்கநிலைச் சைக்கிள்கள் ஏறத்தாழ 1,000 முதல் 1,800 டொலர் வரையிலும், முன் அதிர்வுதாங்கியோடு மிட் டிரைவ் உள்ளவை 2,000 முதல் 3,500 வரையிலும், இரு பக்கமும் அதிர்வுதாங்கி உள்ள நல்லவை 4,500க்கு மேலும் விற்கின்றன. ஒரு டொலரை 300 ரூபாய் என்று வட்டமாகக் கொண்டால் இவை முறையே மூன்று முதல் ஐந்தரை இலட்சம், ஆறு முதல் பத்தரை இலட்சம், பதின்மூன்றரை இலட்சத்துக்கு மேல். இவற்றின் மேல் கப்பல் கட்டணம், காப்புறுதி, சுங்கத் தீர்வைகள், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள பெறுமதி சேர் வரி எல்லாம் ஏறும். 2022இல் ரூபாயின் பெறுமதி சில வாரங்களில் சரிந்ததை நாம் பார்த்தோம். உதிரிப்பாகங்களின் விலையும் அப்படியே டொலரைத் தொடர்ந்து ஏறும்.

ஏற்கெனவே உறுதியான மலைச் சைக்கிள் வைத்திருப்பவர், அதை மின்சாரச் சைக்கிளாக்க மிதி அச்சில் பொருத்தும் மோட்டார்த் தொகுதியையும் பற்றரியையும் வாங்கிப் பூட்டுவது மிகக் குறைந்த செலவில் ஏற்றத் திறனைத் தரும். ஆனால் மிதி அச்சுக் கூட்டின் அளவு அதற்குப் பொருந்த வேண்டும். கூடவே பிரேக்கையும் மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிய பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

புதியவர் ஒருவர் என்னிடம் கேட்டால், முன் அதிர்வுதாங்கி மட்டும் உள்ள, முறுக்குவிசை உணரியுடன் கூடிய மிட் டிரைவ், 500 முதல் 625 வாற்று மணிப் பற்றரி, பெரிய தட்டுள்ள ஹைட்ரோலிக் பிரேக் என்றே பரிந்துரைப்பேன். கார்பன் சட்டகம், வண்ணத்திரை, கம்பியில்லாக் கியர், பன்னிரண்டு வேகம் ஆகியவற்றில் தாராளமாக மிச்சப்படுத்தலாம். ஒன்பது, பத்து வேகச் செயினும் பற்சில்லும் மலிவானவை, நீடித்தும் உழைக்கும். மிதிக்காமலே முடுக்கியால் ஓடும் சைக்கிள் என்றால், அதைப் பதிவு செய்ய வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்ட பின்னரே பணம் கட்டுங்கள்.

ஆறாம் படி: ஓட்டிப் பார்த்து வாங்குதல்

கடை வாசலில் ஒரு சுற்றுச் சுற்றுவது சோதனை ஆகாது. அருகிலுள்ள மிகச் செங்குத்தான இடத்தில் முழுமையாக நிறுத்தி, அங்கிருந்தே மீண்டும் புறப்படுங்கள். மோட்டார் திடுமெனத் தள்ளுகிறதா, முன் சில்லு தூக்குகிறதா என்று கவனியுங்கள். அதே இடத்தில் இறங்கும்போது ஒரு விரலால் பிரேக் பிடித்து நிறுத்த முடிய வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டும் சிறிது மிதித்துப் பாருங்கள், ஏனெனில் பற்றரி தீர்ந்த நாளில் அப்படித்தான் வீடு வர வேண்டியிருக்கும்.

பாவித்த சைக்கிள் என்றால் பற்றரியைக் கழற்றி, இணைப்பு ஊசிகளை உற்றுப் பாருங்கள். பச்சை நிறப் பூஞ்சணம் போன்ற படிவு இருந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். கூட்டில் வீக்கம், வெடிப்பு, திறந்து மீண்டும் ஒட்டிய தடயம் எதுவும் இருக்கக் கூடாது. பெரிய நிறுவனங்களின் முகவர்களால் பற்றரி எத்தனை முறை சார்ஜ் செய்யப்பட்டது என்பதைக் கணினியில் பார்த்துச் சொல்ல முடியும். விற்பவர் அதற்கு உடன்படவில்லை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கும் நாளிலேயே கூடவே வாங்க வேண்டியவை சில உண்டு: இரண்டு சோடி பிரேக் பட்டை, ஒரு செயின், செயினின் பூட்டுக் கண்ணி, செயின் தேய்மானம் பார்க்கும் அளவுகோல், பின் கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு. இந்தக் கடைசித் துண்டு ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேறுபடும். கல்லில் மோதினால் முதலில் வளைவதும் அதுதான். ஒன்றைக் கைவசம் வைத்திருக்காவிட்டால், சிறிய பாகம் ஒன்றுக்காகச் சைக்கிள் வாரக்கணக்கில் மூலையில் கிடக்கும்.